ஜேரூபியின் மாற்றுப்பெயர்கள்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஜாவா நிரல்மொழியின் நூலகங்களை ரூபி நிரல்மொழியிலிருந்து அழைக்க, ஜாவா தளத்தில் ரூபியை இயக்கும் ஜேரூபியைத்தான் பல ஆண்டுகளாக நம்பியிருக்கிறேன். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஜாவா மெத்தடுகளுக்கு (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டுகளுக்கு) அது தானாகவே சூட்டிவிடும் மாற்றுப்பெயர்கள். 'கெட்ஃபர்ஸ்ட்நேம்' என்பதை 'கெட்_ஃபர்ஸ்ட்_நேம்' என்றும், இன்னும் சுருக்கி 'ஃபர்ஸ்ட்_நேம்' என்றும் அழைக்கலாம். 'இஸ்எம்ப்டி' என்பது 'எம்ப்டி?' ஆகிவிடுகிறது. ரூபி மட்டுமே அறிந்தவரும் நிரலைத் தடங்கலின்றிப் படிக்கலாம்.

ஒரே பெயருக்கு இரண்டு மொழிகளும் உரிமை கொண்டாடும் இடத்தில்தான் விழிப்பு வேண்டும். காலிப் பட்டியலிடம் 'ஃபர்ஸ்ட்' கேட்டால் ரூபியின் வழக்கப்படி, எதுவும் இல்லை எனக் குறிக்கும் 'நில்' என்ற மதிப்பு கிடைக்கும். ஜாவாவின் பட்டியல் வகைகளில் ஒன்றான லிங்க்டுலிஸ்டிலோ 'கெட்ஃபர்ஸ்ட்' இருக்கிறது. அதைச் சுருக்கினாலும் 'ஃபர்ஸ்ட்'தான். ஆனால் பட்டியல் காலி என்றால் அது 'நோசச்எலிமென்ட்' பிழையை வீசும். 2023இல் வந்த ஜாவா 21, 'கெட்ஃபர்ஸ்ட்' மெத்தடை எல்லா லிஸ்டுகளுக்கும் கொடுத்துவிட்டது. எனவே ஜாவா பட்டியல் என்று தெரிந்தால், ரூபியின் வடிவத்தையே அழைக்கும் 'ரூபி_ஃபர்ஸ்ட்' என்ற பெயரை எழுதுகிறேன். நான்கைந்து எழுத்துகள் கூடினாலும் எந்த மொழியின் மெத்தட் ஓடப்போகிறது என்ற ஐயம் எழாது.

அடுத்தது, ஒரே பெயரில் பல வடிவங்கள் உள்ள மெத்தடுகள். ஜாவாவின் இன்னொரு பட்டியல் வகையான அர்ரேலிஸ்டின் 'ரிமூவ்' இரண்டு வேலை செய்யும்: எண்ணைக் கொடுத்தால் அந்த இடத்தில் உள்ளதை நீக்கும், பொருளைக் கொடுத்தால் அந்தப் பொருளைத் தேடி நீக்கும். எண்களே நிறைந்த பட்டியலில் 'ரிமூவ்(5)' என்று படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? இங்கே, நாமே மாற்றுப்பெயர் சூட்ட உதவும் 'ஜாவா_ஏலியாஸ்' அருமையாகக் கைகொடுக்கிறது. புதுப்பெயர், பழைய பெயர், அளபுருக்களின் (மெத்தடுக்குக் கொடுக்கும் மதிப்புகளின்) வகைகள் ஆகிய மூன்றையும் கொடுத்தால் போதும். 'ரிமூவ்_அட்' என்ற பெயர் முழு எண் வடிவத்துக்கு மட்டும் உரியதாகிவிடும். ஒரே ஓர் இடத்தில் தேவையென்றால், வகையைச் சொல்லி நேரடியாக அழைக்கும் 'ஜாவா_செண்ட்' போதும். திரும்பத் திரும்ப அழைப்பதற்கு ஏலியாஸ்தான் என் தேர்வு.

இந்தப் பெயர்கள் ரூபிப் பக்கத்தில் மட்டுமே செல்லும். ஜாவா நிரலிலிருந்து 'ரிமூவ்_அட்' என்று அழைக்க முடியாது. பிழை எழும்போது அதுவரை நடந்த அழைப்புகளைப் பட்டியலிடும் பிழைத்தடத்திலும் ஜாவா வரிகளில் 'ரிமூவ்' என்றே வரும். அதனால் எல்லா ஏலியாஸ் வரிகளையும் ஒரே கோப்பில் வைத்து, நிரல் தொடங்கும்போதே ஏற்றிவிடுகிறேன். பிழைத்தடத்தில் கண்ட பெயரை அங்கே தேடினால், குழுவில் புதிதாகச் சேர்ந்தவரும் உரிய இடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்.