வாட்ச் செயின் குறைக்கக் கொடுத்துவிட்டு அல்வா வாங்கப் போகாதீர்கள்

அப்பாவுக்குச் சர்க்கரை வந்ததில் இருந்து கை மெலிந்துவிட்டது. 2009-ல் மாமா துபாயில் இருந்து கொண்டுவந்து கொடுத்த சீகோ ஃபைவ் ஆட்டோமேட்டிக் வாட்ச், கையைத் தூக்கினால் முழங்கை வரை வழுக்கிப் போகும். செயினில் சில கண்ணிகளைக் கழற்றினால் சரியாகிவிடும். அதற்காகத்தான் திருநெல்வேலி டவுனில் ரத வீதிப் பக்கம் ஒரு வாட்ச் கடைக்குக் கூட்டிப் போனேன். கடைப் பெயர் வேண்டாம். இதே வேலை வேறு கடைகளிலும் நடக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

கடைக்காரர் செயினைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, அரை மணி நேரம் ஆகும். ஒரு சுத்து சுத்திட்டு வாங்க" என்றார். சாயங்கால நேரம். அப்பா நேராக இருட்டுக்கடை வரிசையில் போய் நின்றார். நாங்கள் அங்கே அல்வாவுக்குக் காத்திருக்க, இங்கே ஒருவர் எங்களுக்கே கிண்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

திரும்பி வந்தபோது வாட்ச் தயார். 3 கண்ணி எடுத்ததற்கு 150 ரூபாய். "ஸ்பிரிங் பின் தேஞ்சு போயிருந்துச்சு தம்பி, புதுசு போட்டுருக்கேன்" என்று அதற்கு 100. தேய்ந்த பழைய பின்னைக் காட்டுங்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கழற்றிய கண்ணிகளையும் கேட்கவில்லை. பில்லும் கேட்கவில்லை. இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டிருந்தாலும் மனிதர் சுதாரித்திருப்பார்.

நான்காம் நாள் வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் அப்பா பஸ் ஏறக் கம்பியைப் பிடித்தார். வாட்ச் தரையில் கிடந்தது. செயின் ஒரு பக்கம் கழன்று தொங்க, கண்ணாடி ஓரத்தில் விரிசல். நல்லவேளை, ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வாட்ச்சில் செயின் மாட்டும் இரண்டு காதுகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி 20 மி.மீ. அவர் போட்டிருந்த பின் ஒரு மி.மீ. குட்டை, மெலிசு வேறு. செயினை வாட்ச்சோடு சேர்க்கும் இந்தப் பின், உள்ளே ஸ்பிரிங் உள்ள சின்னக் குழாய்தான். இரண்டு முனைகளும் காதுகளில் உள்ள துளைக்குள் போய் உட்கார வேண்டும். குட்டைப் பின் துளையின் விளிம்பை நுனியால் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. எத்தனை நாள் தாங்கும்? காதுகளின் உள்பக்கம் ஸ்க்ரூ டிரைவர் கீறல்கள் நாலைந்து. அதற்கான கருவி அவரிடம் இல்லை, அல்லது எடுக்கச் சோம்பல்.

இதைவிட மோசம் செயினில் இருந்தது. சீகோவின் பல செயின்களில் கண்ணியைச் சேர்க்கும் பின்னோடு, நொய் அரிசி அளவில் ஒரு குட்டிக் குழாயும் கண்ணிக்குள் இருக்கும். பின்னை இறுக்கிப் பிடிப்பது அந்தக் குழாய்தான். பின்னைத் தட்டி எடுக்கும்போது அது சத்தமில்லாமல் கீழே விழுந்துவிடும். கவனிக்காதவருக்கு அது இருந்ததே தெரியாது. அப்புறம் பின் நிற்காது, ஆடும். நம் ஆள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்: ஒரு சொட்டுப் பசை. அந்தக் கண்ணி மடங்கவே இல்லை, குச்சி மாதிரி நின்றது.

மறுநாள் கடைக்குப் போனேன். "ஒங்க அப்பா கைய எங்கயாவது இடிச்சிருப்பாரு" என்றார். கண்ணிகளைக் கேட்டேன். "அதத் தூக்கிப் போட்டாச்சு தம்பி, அத வச்சு என்ன செய்யப் போறிய?" நான் நகராமல் நின்றதும், கடையில் வேலை பார்க்கும் பையன் மேசைக்கு அடியில் இருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வைத்தான். அதில் பாதி அளவுக்குக் கண்ணிகள்! வெள்ளை, மஞ்சள், இரண்டும் கலந்தது. ஊரில் உள்ள மெலிந்த கைகள் எல்லாம் அந்த டப்பாவில்தான் கிடந்தன. "ஒங்களுது எதுன்னு பாத்து எடுத்துக்கோங்கண்ணே." கால் மணி நேரம் கிளறியதில் 2 கிடைத்தன. மூன்றாவது இல்லை. யாருக்காவது செயின் நீளம் பத்தாமல் போயிருக்கும், விலைக்குப் போட்டிருப்பார்.

1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அடிக்கலாம் என்றான் நண்பன். கையில் பில் இல்லை. அப்பாவும் "சவத்த விடுடே" என்றுவிட்டார்.

பாளையங்கோட்டையில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஒரு மேசை மட்டுமே கடை. என்னை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே வேலை பார்த்தார். வாட்ச்சைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, செயினை மட்டும் அசிட்டோனில் ஊறப்போட்டார். பசை இளகி வந்தது. அவரிடம் இருந்த ஒரு குழாயைப் போட்டு, கண்ணாடியையும் மாற்றினார். பிறகு, "இதுக்கெல்லாம் ஏன் கடைக்கு வாறிய? கண்ணாடி மாத்தணும்னா வாங்க, செயினை நீங்களே கழட்டலாம்லா" என்றார். தொழில்காரரே இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் காட்டிக் கொடுத்தபடி இப்போது வீட்டிலேயே செய்கிறேன். ஒரு முனை கவட்டையாகவும் மறுமுனை ஊசியாகவும் இருக்கும், ஸ்பிரிங் பின்னைக் கழற்றும் கருவி (ஸ்பிரிங் பார் டூல்) ஆன்லைனில் 200 ரூபாய்க்குள் கிடைத்தது. கழற்றும் முன் செயினை எல்லாப் பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்வேன். காதுகளின் மேல் செல்லோடேப் ஒட்டினால் கீறல் விழாது. கட்டிலில் துண்டை விரித்து, வாட்ச்சையும் கைகளையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக்கொண்டுதான் பின்னை அமுக்குவேன். முதல் தடவை கவர் இல்லாமல் அமுக்கி, துள்ளிய பின்னை பீரோவுக்கு அடியில் துடைப்பம் விட்டுத் தேடிய அனுபவம் உண்டு. செயின் முனைக்கும் காதுக்கும் நடுவே கவட்டையை நுழைத்து, பின்னின் விளிம்பை உள்பக்கமாக அழுத்தினால் வந்துவிடும்.

கண்ணி எடுக்க, செயினின் உள்பக்கம் பாருங்கள். சின்ன அம்புக்குறி இருக்கும். பின்னை அம்பு காட்டும் திசையில் தள்ளி எடுக்க வேண்டும். திரும்பப் போடும்போது அம்புக்கு எதிர்த்திசை. முனை பிளந்த பின் என்றால் பிளவு கடைசியாக உள்ளே போக வேண்டும். பூட்டுக்கு இரண்டு பக்கமும் கூடியவரை சமமாக எடுத்தால்தான் பூட்டு மணிக்கட்டின் நடுவில் நிற்கும். இன்னொன்று, பூட்டின் ஓரத்திலேயே வரிசையாகச் சின்னத் துளைகள் இருந்தால், பின்னை ஒரு துளை தள்ளிப் போட்டே கொஞ்சம் குறைக்கலாம். அப்பாவுக்கு 2 கண்ணியும் ஒரு துளையும் போதுமாக இருந்தது. மூன்றாவது கண்ணியை எடுத்திருக்கவே வேண்டாம்.

செயின் தனியாக இருக்கும்போதே சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போட்டுத் தேய்த்துவிடுவேன். நம் ஊர் வெயிலில் வேர்வை சேர்ந்து வரும் கறுப்பைப் பார்த்தால் சோறு இறங்காது. நன்றாகக் காய்ந்த பிறகு, பின்னின் ஒரு முனையைத் துளையில் வைத்து மறுமுனையை அமுக்கி நகர்த்தினால் டிக் என்று உட்காரும். அந்தச் சத்தம் கேட்டாலும் நம்பமாட்டேன். கட்டிலுக்கு மேலே பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்த பிறகுதான் அப்பா கையில் கட்டுவேன்.

டப்பாவில் கிடைத்த 2 கண்ணிகளில் ஒன்றைத் திரும்பச் சேர்த்தாயிற்று. மற்றதை அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறார் அப்பா. ரத வீதிப் பக்கம் போகும்போதெல்லாம், எதிரே வருகிறவர்களின் கையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்.