ஊரிலிருந்து பார்சல் அனுப்புவோர் கவனத்துக்கு: எடையை விடப் பெட்டியின் அளவைப் பாருங்கள்

இந்த முறை ஊருக்குப் போனபோது அதிகம் அலைந்தது பார்சல் அனுப்பத்தான். புத்தகங்களும் கம்பளிப் போர்வைகளும் விமானத்தில் கையோடு கொண்டுவரும் அளவைத் தாண்டிவிட்டன. சரக்கு முகவர்கள் சிலரிடம் விசாரித்தேன். "எத்தனை கிலோ?" என்றுதான் பெரும்பாலும் கேட்டார்கள். ஒருவர் மட்டும் "பெட்டி என்ன அளவு?" என்று கேட்டார். அவரிடமே கொடுத்தேன்.

விமானத்தில் எடை வரம்பை எட்டுவதற்குள் இடம் தீர்ந்துபோகலாம். அதனால் நிஜ எடை, கன அளவை வைத்துக் கணக்கிடும் எடை இரண்டையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகிறார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, கூரியராக இருந்தால் பெரும்பாலும் 5000-ஆல், விமானச் சரக்காக இருந்தால் வழக்கமாக 6000-ஆல் வகுக்க வேண்டும். 60 × 40 × 40 பெட்டி கூரியரில் 19.2 கிலோ, உள்ளே 7 கிலோ போர்வைதான் இருந்தாலும் அதே கணக்குதான். ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. கூடினால் அது 26 கிலோவைத் தாண்டிவிடும். கடையில் கிடைத்த பெரிய அட்டைப்பெட்டியில் மேலே காலியாக விட்டு ஒட்டுவது, அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவதுதான்.

அந்த முகவர் செய்த நல்ல காரியம், கட்டிக்கொண்டு போனதைப் பிரிக்கச் சொன்னது. புத்தகப் பெட்டி 30 × 30 × 25, நிஜ எடை 15 கிலோ. கன அளவில் 4.5 கிலோதான் வரும், ஆகவே 15-க்குக் கட்டணம். மேலே சொன்ன போர்வைப் பெட்டியின் 19.2-ஐ அடுத்த அரை கிலோவுக்கு உயர்த்தி 19.5. மொத்தம் 34.5. புத்தகங்களையும் போர்வைகளையும் கலந்து 60 × 40 × 25 அளவில் இரண்டு பெட்டிகளாக அடுக்கினார். ஒவ்வொன்றும் 11 கிலோ, கன அளவில் 12. மொத்தம் 24 கிலோவுக்குத்தான் பில் வந்தது. பொருளில் ஒன்றுகூடக் குறையவில்லை! இப்படி நேரம் எடுத்துச் சொல்லித்தருபவர்களை மனதாரப் பாராட்ட வேண்டும்.

பெட்டி புடைத்திருந்தால் புடைத்த இடத்தில்தான் டேப் வைத்து அளப்பார்கள். உருளையாகச் சுருட்டியதையும் அது அடங்கும் செவ்வகப் பெட்டியாகவே கணக்கிடுவார்கள். ஒரு பக்கம் மிக நீளமானால் தனிக் கட்டணம் வரலாம்.

இன்னோர் இடத்தில் போனில் கிலோவுக்கு இவ்வளவு என்று சொன்னார்கள். எந்த எண்ணால் வகுப்பீர்கள் என்று கேட்டால் பதிலே இல்லை. இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்த எண் தெரியாமல் இரண்டு முகவர்களின் விலையை எப்படி ஒப்பிடுவது? 5000-ஆ 6000-ஆ என்பதிலேயே அந்தப் போர்வைப் பெட்டி 19.2 கிலோவிலிருந்து 16-க்கு இறங்கிவிடுகிறதே.

அவசரமில்லாத பெரிய சாமான்களுக்குக் கப்பல்தான் கட்டுப்படியாகும். பிறரோடு கன்டெய்னரைப் பகிரும்போது ஒரு கன மீட்டரை 1000 கிலோவுக்குச் சமமாக வைப்பார்கள். வீட்டுச் சாமான் அவ்வளவு கனக்காது என்பதால் அங்கே கன அளவே விலையைத் தீர்மானிக்கும். குறைந்தபட்சம் ஒரு கன மீட்டருக்குக் கட்டணம் வாங்குவதும் உண்டு. இறங்கும் துறைமுகத்தில் தனியாகக் கட்ட வேண்டிய தொகையையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.