பெஞ்ச் ஆட்டக்காரரின் பழைய கார்டு வாங்குகிறவர்களே, ஓரத்தைப் பாருங்கள்

ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட பழைய பேஸ்பால் கார்டு சேகரிப்பவர்களுக்காக, அதிலும் நட்சத்திரங்களை விட்டுவிட்டு பெஞ்சிலேயே காலம் தள்ளிய ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "மிக்கி மேன்டில் மாதிரி நட்சத்திரத்தின் கார்டில்தான் தில்லுமுல்லு நடக்கும், பெயரே தெரியாத கேட்சர் கார்டில் எவன் கை வைப்பான்?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கை வைக்கிறார்கள். நான் பணத்தை இழந்தது அப்படிப்பட்ட கார்டுகளில்தான்.

நான் சேர்ப்பது 1950, 60களின் இரண்டாம் நிலை கேட்சர்களை, அதாவது வீசப்படும் பந்தைப் பின்னால் நின்று பிடிக்கும் மாற்று ஆட்டக்காரர்களை. சார்லி சில்வேரா என்று ஒருவர். நியூயார்க் யாங்கீஸ் அணியில் முதல் நிலை கேட்சராக யோகி பெரா இருந்ததால் வருடக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தார். பத்து சீசனில் மொத்தம் 227 ஆட்டம். அணி திரும்பத் திரும்ப பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடருக்குப் போனது, அவர் களமிறங்கியதோ 1949இல் ஒரே ஒரு ஆட்டத்தில். அதே பெஞ்சில் இருந்த ரால்ஃப் ஹவுக் எட்டு சீசனில் 91 ஆட்டம் ஆடினார். பிறகு அந்த அணிக்கே மேலாளராகி 1961, 1962 இரண்டு ஆண்டும் கோப்பை வாங்கித் தந்தார். இவர்களுக்கும் கார்டு அச்சிடும் டாப்ஸ் நிறுவனம் கார்டு போட்டது, பின்பக்கத்தில் அந்தக் குறைந்த எண்ணிக்கைகளை மறைக்காமல் அச்சடித்தது. அந்தப் பின்பக்கத்தைப் படிப்பதற்காகவே நான் வாங்குகிறேன்.

இவற்றில் ஏமாற்ற என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கார்டுகள் எப்படி வெளிவந்தன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1973 வரை டாப்ஸ் ஓர் ஆண்டின் கார்டுகளை மொத்தமாக விடவில்லை, எண் வரிசைப்படி பகுதி பகுதியாக, தொடர் தொடராக விட்டது. கடைசித் தொடர் கடைக்கு வரும்போது பேஸ்பால் பருவம் முடியப் போகும், பிள்ளைகளின் கவனம் அமெரிக்க ஃபுட்பாலுக்குப் போயிருக்கும், கடைக்காரர்களும் குறைவாகவே எடுப்பார்கள். 1952இன் கடைசித் தொடரான 311 முதல் 407 வரையிலான எண்ணுள்ள கார்டுகள் விற்காமல் கிடந்து, 1960இல் பெட்டி பெட்டியாக அட்லாண்டிக் கடலில் கொட்டப்பட்டன. கொட்டியதாகச் சொன்னவர் அந்த 1952 கார்டுகளை வடிவமைத்த டாப்ஸ் ஊழியர் சை பெர்கரேதான். 1966 தொகுப்பில் மொத்தம் 598 கார்டு, அதில் கடைசித் தொடரான 523 முதல் எல்லாமே அரிது. அந்த எண்களுக்குள் வரும் மூன்றாம் நிலை ஆட்டக்காரர் ஒருவர், முதல் தொடரில் வந்த நல்ல பெயர் பெற்ற ஆட்டக்காரரைவிடக் கூடுதல் விலைக்குப் போவார். போதாக்குறைக்கு, முழுத் தொகுப்பையும் உயர்ந்த கிரேடில், அதாவது கார்டின் நிலையைச் சோதிக்கும் நிறுவனம் பத்துக்குப் போடும் உயர்ந்த மதிப்பெண்ணில், சேர்க்கப் போட்டி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூலை மழுங்காத ஒரு சாதாரண கார்டுக்கு அவர்கள் கொடுக்கும் விலை நம்ப முடியாத அளவுக்கு ஏறும்.

என் விஷயத்துக்கு வருகிறேன். ஓர் இணைய ஏலத்தில் 1966இன் கடைசித் தொடர் கார்டுகள் ஒரு கட்டாக வந்தன. அதில் நான் வெகுநாளாகத் தேடிய 561ஆம் எண், மெட்ஸ் அணியின் சூ-சூ கோல்மன் இருந்தார். அவர் அந்த ஆண்டு ஆடியது ஆறே ஆட்டம். குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் சிறுவயதில் வாங்கிப் பரணில் வைத்தது, வேறு கை படாதது என்று விற்பவர் எழுதியிருந்தார். படங்கள் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து எடுத்தவை. உறையை நீக்கிப் படம் கேட்டேன், அளவும் கேட்டேன். படம் வரவில்லை. "இரண்டரைக்கு மூன்றரை அங்குலம், அளந்து பார்த்துவிட்டேன்" என்று எழுத்தில் பதில் வந்தது. பணம் கட்டினேன்.

கார்டுகளை அப்படிச் சோதித்து மதிப்பெண் போடும் கிரேடிங்குக்கு அனுப்பினேன். அங்கே வரிசை நீளம், வாரக்கணக்கில் ஆகும். முடிவு வந்தபோது கோல்மனோடு சேர்த்துப் பெரும்பாலான கார்டுகளில் ஓரம் வெட்டப்பட்டிருப்பதாக எழுதியிருந்தது. மழுங்கிய மூலையை இழைபோலச் சீவி எடுத்துக் கூராக்கியிருக்கிறார்கள். அப்படிச் சீவிய கார்டுக்கு எண் கிரேடு கிடைக்காது, விலையும் சரிந்துவிடும். விற்றவரிடம் கேட்டால் திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்றார். பிறகு, நானே வெட்டியிருக்கலாம் என்றும் எழுதினார். பணம் போனதைவிட அந்த வரிதான் என்னை வதைத்தது. தளத்தில் புகார் கொடுத்தேன், கெடு தாண்டியது என்று மூடிவிட்டார்கள். கிரேடிங்குக்கு எத்தனை நாள் ஆகும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். திருப்பும் கெடு அதற்கு முன்பே தீர்ந்துவிடும் என்பதும் தெரியும். ஓரம் வெட்டுகிறவர்களுக்கு அந்த இடைவெளி போதும்.

அதனால் கார்டு கைக்கு வந்த அன்றே வீட்டில் சோதித்துவிடுங்கள். அதே ஆண்டின் மலிவான, மூலை தேய்ந்த கார்டு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, சந்தேகப்படும் கார்டை அதன்மேல் வைத்து நான்கு பக்கமும் ஒப்பிடுங்கள். ஆலையில் வெட்டும்போதே சிறிது கூடக்குறைய இருக்கும் என்பதால் அளவு மட்டும் போதாது. ஓரத்தைப் பக்கவாட்டில் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். ஐம்பது அறுபது வருடப் பழைய அட்டையின் ஓரம் மங்கி, லேசாக நார் தெரிய இருக்கும். மூன்று பக்கம் அப்படி இருந்து ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக, வழவழப்பாக இருந்தால் அங்கேதான் கத்தி பட்டிருக்கிறது. கார்டின் நடுப்பகுதி உள்வாங்கி இரு முனையும் நீண்டிருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

1952 தேடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. 1983இல் டாப்ஸே அந்தத் தொகுப்பை மறுபதிப்பாக வெளியிட்டது. அசல் 2⅝க்கு 3¾ அங்குலம், மறுபதிப்பு அதைவிடச் சிறியது. படத்தை மட்டும் பார்த்து வாங்கினால் இந்த வித்தியாசம் தெரியாது. அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் கேளுங்கள்.

கிரேடு போட்டுப் பெட்டியில் மூடிய கார்டாக வாங்கினால் ஆபத்து குறைவு, ஆனாலும் முழுக்க நிம்மதி இல்லை. உலகிலேயே பேர்போன ஹோனஸ் வாக்னர் கார்டு 8 என்ற கிரேடோடு பல கை மாறியது. அதை ஓரம் வெட்டியதாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2007இல் அந்தக் கார்டு 28 லட்சம் டாலருக்குப் போயிருந்தது. அவ்வளவு பேர் உற்றுப் பார்த்த கார்டிலேயே அது நடந்தது என்றால், கோல்மனையும் சில்வேராவையும் யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? நாம்தான் பார்க்க வேண்டும்.

கிரெடிட் கார்டில் பணம் கட்டியிருந்ததால் இப்போது வங்கியிடம் முறையிட்டிருக்கிறேன். அளவு சரி என்று விற்றவர் எழுதிய கடிதத்தையும் கிரேடிங் முடிவையும் இணைத்திருக்கிறேன். அதனால் விற்பவரிடம் கேட்பதை எல்லாம் எழுத்தில் கேளுங்கள், பதிலைப் பத்திரமாக வையுங்கள். அந்த ஆள் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார். போன வாரம் 1967இன் கடைசித் தொடர் கட்டு ஒன்றை அதே பரண் கதையோடு, அதே பிளாஸ்டிக் உறைப் படங்களோடு ஏலத்தில் பார்த்தேன். இப்படி ஒரு கட்டு உங்கள் கையில் ஏற்கெனவே இருந்தால், திருப்பும் கெடு முடிவதற்குள் இன்றே உறையிலிருந்து எடுத்துப் பாருங்கள்.