செங்கோட்டையில் 16 எம்எம் புரொஜெக்டர் வாடகை: கேமரா இல்லாத குறும்படங்களுக்கு எப்படி?

ஃபிலிமிலேயே மை பூசி, ஊசியால் கீறி, வெளிச்சத்தையே படமாக்குபவர்களுக்கு இந்தப் புரொஜெக்டர் நன்றாக உழைக்கிறது. 100 அடிச் சுருளில் 4000 பிரேம்கள். நொடிக்கு 24 வீதம் 2 நிமிடம் 46 நொடி ஓடும். 18 வேகமும் உண்டு. அதில் கீறல்களின் துடிப்பு அவ்வளவு அழகு!

தொல்லை கேட்டில்தான், அதாவது விளக்கின் முன்னால் ஃபிலிம் நகரும் சிறு வாயிலில். தடித்த மை உதிர்ந்து அடைத்தால், அதை ஒட்டி ஃபிலிம் தளர்வாக வளைந்திருக்கும் லூப் சுருங்கிப் படம் குதிக்கும். சுருளுக்கு ஒருமுறை மெல்லிய தூரிகையால் துடைக்க வேண்டும். குற்றாலச் சாரல் நாட்களில் மை எளிதில் காயாது. ஈரத்தோடு சுற்றினால் அடுக்குகள் ஒட்டி, பிரிக்கும்போது நிறம் உரிந்துவிடும். இரண்டு நாள் கொடியில் தொங்கவிடுங்கள். ஒரே பிரேமை நிறுத்திக் காட்டச் சொல்லாதீர்கள், விளக்குச் சூட்டில் உருகும். திரையிடும் கூடத்து ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி நீங்களே கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் வெளிச்சம் புகுந்து, படத்தின் கறுப்பு சாம்பல் நிறமாகி, கீறிய கோடுகள் மங்கிப்போகும்.