அந்த ஒரு கெபாசிட்டர்: க்ளீன் டோனுக்காக வாங்கிய ஆம்ப், ஆறு வருடம் கழித்து

கிட்டார் ஒலியைப் பெருக்கும் என் ஆம்ப் போன வாரம்தான், பழுதுபார்ப்பவரிடமிருந்து இரண்டாவது தடவையாக வீடு திரும்பியது. பிளக்கைச் செருகி, உள்ளே ஒலியைப் பெருக்கும் கண்ணாடி ட்யூப் சூடேறட்டும் என்று காத்திருந்த நேரத்தில் நண்பனிடமிருந்து செய்தி. "உன்னோட ஆம்பையே நானும் வாங்கலாம்னு இருக்கேன். பளிச்சுனு, சுத்தமா, உடையாத சவுண்டு வேணும். வாங்கலாமா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லு." ஆறு வருடப் பழக்கத்தை ஒரு வார்த்தையில் எப்படிச் சொல்வது? அதனால் உட்கார்ந்து முழுசாகவே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

22 வாட், இரண்டு 6வி6 பவர் ட்யூப், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, எதிரொலி மாதிரி ஒலியை நீட்டும் ஸ்பிரிங் ரிவெர்ப். 1960களின் அமெரிக்க சர்க்யூட்டை வைத்து இன்றைக்குப் பல பேர் கட்டுகிற வகை. அதில் ஒன்று என்னுடையது. பெயர் இங்கே தேவையில்லை. கிட்டார், மூன்று சிங்கிள் காயில் பிக்கப் போட்டது. பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடக் கூடாது. இந்த ஆம்பில் ஒரு ஈ மேஜர் கார்டை மெதுவாக வருடினால் ஆறு கம்பியும் ஆறு குரலாகக் கேட்கும். அடிக்கம்பி குழறாது. மேல் கம்பி இரண்டும் வெண்கலக் கிண்ணத்தைச் சுண்டியது மாதிரி 'கிண்' என்று எழுந்து, ரிவெர்பில் கரைந்து அடங்கும். இந்த வகை ஆம்பின் டோன் பகுதி, ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸை ஒட்டி நடு ஒலியைக் குழி விழுந்த மாதிரி இறக்கிவிடுகிறது. அடி ஒலிக்கான பேஸ், மேல் ஒலிக்கான ட்ரெபிள் இரண்டையும் ஐந்தில் வைத்தாலும் அந்தக் குழி இருக்கும். நாம் பளிச்சென்ற க்ளீன் என்று சொல்வதில் பாதி அந்தக் குழிதான். அதைக் கேட்டுத்தான் மயங்கி வாங்கினேன். இன்றைக்கும் அந்த மயக்கம் போகவில்லை.

இனி குறை. ஒரே குறை. ஆனால் ஆறு வருடம் தினமும் என் காதில் குத்திய குறை.

இந்த ஆம்பின் வால்யூம் குமிழுக்குக் குறுக்கே மின்னைத் தேக்கும் சின்ன உறுப்பான கெபாசிட்டர் ஒன்று, 47 பிகோஃபாரட் அளவில், நிரந்தரமாகப் பற்ற வைக்கப்பட்டிருக்கிறது. இதைத்தான் பிரைட் கெபாசிட்டர் என்பார்கள். வால்யூமை மடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மடையை முக்கால்வாசி அடைத்தாலும், பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னக் கசிவு வழியே கீச்சு ஒலி மட்டும் தடையில்லாமல் போய்க்கொண்டிருக்கும். வால்யூம் குறைவாக இருக்கும்போது மற்ற ஒலியெல்லாம் சிறுத்து, இந்தக் கசிவு மட்டும் மேலே தெரியும். வால்யூமைக் கூட்டக் கூட்ட மடையே திறந்துவிடுவதால் கசிவுக்கு வேலை குறையும். ஏழுக்கு மேல் போனால் அது இருப்பதே தெரியாது.

அதாவது, வீட்டில் இரவு பத்து மணிக்கு வால்யூம் இரண்டில் வைத்து வாசித்தால் தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம். குறைந்த சத்தத்தில் மனிதக் காதுக்கு அடி ஒலி சரியாகக் கேட்காது என்பது 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்து காட்டிய விஷயம். ஆக அடியும் இல்லை, நடுவும் குழி, மேலே ஊசி மட்டும் மிச்சம். ட்ரெபிளை இரண்டுக்கு இறக்கினால் ஊசி போகிறது, கூடவே உயிரும் போகிறது. கசிவை அடைக்க ட்ரெபிள் குமிழால் முடியாது. இரண்டும் வேறு வேறு இடத்தில் வேலை செய்பவை.

எனக்கு ஆத்திரம் வந்தது கெபாசிட்டர் மேல் இல்லை. அதற்கு ஒரு சுவிட்ச் வைக்காததன் மேல். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் என்ற ஆம்பில் இரண்டு சேனலுக்கும் பிரைட் சுவிட்ச் உண்டு. ரோலண்ட் ஜேசி-120 ஆம்பிலும் உண்டு. முகப்புத் துணிக்கும் குமிழ் எழுத்துக்கும் அத்தனை கவனம் எடுத்துக்கொண்டவர்கள், விரல் நுனி அளவு சுவிட்ச் ஒன்றை வைக்கவில்லை. பழைய வரைபடத்தில் இல்லை, அதனால் இதிலும் இல்லை என்பார்கள். வரைபடத்துக்கு விசுவாசமாக இருந்தவர்கள் வாசிக்கிறவனின் காதுக்கு இருந்திருக்கலாம்.

குற்றம் முழுக்க ஆம்ப் மேல் என்றும் சொல்ல மாட்டேன். முதல் இரண்டு வருடம் நானே நிலைமையைக் கெடுத்துக்கொண்டேன். ஆம்பைத் தரையில் வைத்து, அதை ஒட்டி நின்று வாசிப்பேன். 12 அங்குல ஸ்பீக்கரில் ஒன்று இரண்டு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகப் போக ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி குவிந்து நேராகப் போகும். அது என் முழங்காலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு மந்தமாகக் கேட்டதால் ட்ரெபிளை ஏழுக்கு ஏற்றினேன். ஒரு நிகழ்ச்சியில் முதல் வரிசையில், ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த இன்னொரு நண்பன், பாட்டு முடியும்வரை இடது காதைக் கையால் மூடியபடியே இருந்தான். முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வந்து, "கொஞ்சம் ஸ்பீக்கர் முன்னாடி உட்கார்ந்து பாரேன்" என்றான். மறுநாள் ஆம்பை நாற்காலி மேல் தூக்கி வைத்து, காது உயரத்துக்கு வந்ததும் வாசித்துப் பார்த்தேன். நான் மேடையில் எல்லோருக்கும் என்ன கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து ட்ரெபிள் நான்கரை. ஆம்ப் எப்போதும் சாய்த்தோ உயர்த்தியோதான். பளிச்சென்ற டோன் தேடும் யாராக இருந்தாலும், ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

பிறகு கிட்டார் பக்கம் வந்தேன். கிட்டார் வால்யூமை ஆறுக்கு இறக்கி, ஆம்பை நான்குக்கு மேல் ஏற்றினால் நிலைமை மாறுகிறது. ஆம்பில் கசிவின் ஆட்டம் குறைகிறது. கிட்டாரின் குமிழும் கேபிளும் சேர்ந்து மேல் ஒலியைக் கொஞ்சம் இழைத்துவிடுகின்றன. கேபிளும் ஒரு கெபாசிட்டர் மாதிரிதான், மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட் இருக்கும். மூன்று மீட்டர் கேபிளை மாற்றி ஆறு மீட்டர் போட்டாலே சிங்கிள் காயிலின் கூர்மை ஒரு படி இறங்கும். யாரோ சொன்னதைக் கேட்டு என் கிட்டார் குமிழிலும் ஒரு ட்ரெபிள் பிளீட் கெபாசிட்டர் போட்டு வைத்திருந்தேன். அதுவும் இதே கசிவு வேலைதான். இரண்டு இடத்திலும் கசிந்தால் காது என்னாகும்? அதைக் கழற்றி எறிந்தேன்.

ஹெட்ரூம், அதாவது ஒலி உடையாமல் எவ்வளவு சத்தம் ஏற்றலாம் என்பது பற்றியும் நண்பன் கேட்டான். சுருக்கமாகச் சொல்கிறேன். என் கிட்டாருக்கு ஐந்து தாண்டினால் ட்யூபில் ஒலி லேசாக உடைந்து கரகரக்கத் தொடங்கும். 85 வாட் ட்வின் அங்கே உடையாது. ஆனால் 22-க்கும் 85-க்கும் வித்தியாசம் ஏறத்தாழ 6 டெசிபல்தான். பத்து மடங்கு வாட் இருந்தால்தான் காதுக்கு இரண்டு மடங்கு சத்தம். அந்த 6 டெசிபலுக்காக 30 கிலோவுக்குப் பக்கத்தில் படியேற்றித் தூக்க வேண்டும். 1975-ல் வந்த ஜேசி-120ல் ட்யூபே கிடையாது, 60 வாட் ஆம்ப் இரண்டு ஆளுக்கொரு ஸ்பீக்கரை ஓட்டுகின்றன. எத்தனை ஏற்றினாலும் கண்ணாடி மாதிரி நிற்கும். அதுவும் பாரம்தான். வாக்ஸ் ஏசி30 வேறு சாதி. அதன் பளபளப்பில் கொஞ்சம் கரகரப்பும் கலந்திருக்கும். ஆனால் அதில் 'கட்' என்று ஒரு குமிழ் இருக்கிறது, கடைசி நிலையில் மேல் ஒலியை மட்டும் சீவுவதற்கு. அந்தக் குமிழைப் பார்க்கும்போதெல்லாம் என் ஆம்ப் ஞாபகம் வந்து வயிறு எரியும்.

இப்போது பழுதுக்கு வருகிறேன். இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் தொந்தரவு கொடுத்தது. ஒரு 12ஏஎக்ஸ்7 ட்யூபைப் பென்சிலால் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடித்த மாதிரி கேட்டது, மாற்றியதும் சரியாகிவிட்டது. இந்தத் தடவை ஒரு ஹம். கிட்டாரைக் கழற்றினாலும் நிற்காத, ஒரே சீரான 'ஊம்'. பவர் சப்ளையில் மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர் போனால் இப்படித்தான், மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் 100 ஆகவோ, 60 ஹெர்ட்ஸ் 120 ஆகவோ கேட்கும். வழக்கமாகப் பழுதுபார்க்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவர் உடனே கை வைக்கவில்லை. ஒரு ரெசிஸ்டரை ஒயரில் கட்டி, கெபாசிட்டர்களின் மின்னை இறக்கி, மீட்டரில் முள் கீழே வந்ததைப் பார்த்த பிறகுதான் தொட்டார். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும், ஆளைக் கொல்லும். வீட்டில் ஸ்க்ரூடிரைவர் இருக்கிறதே என்று யாரும் திறக்க வேண்டாம்.

ஃபில்டர் கெபாசிட்டர் ஒன்றின் தலை உப்பியிருந்தது. எல்லாவற்றையும் மாற்றினார். மூடும் நேரத்தில் நான் வால்யூம் குமிழின் பின்பக்கத்தைக் காட்டிக் கேட்டேன். மிளகை நசுக்கி வைத்த மாதிரி, பழுப்பு நிறத்தில் சின்ன வட்டத் தகடு. ஆறு வருடம் என்னைப் படுத்தியது அவ்வளவுதான்.

"இதத்தான தம்பி சொல்லிட்டே இருந்தீங்க? ஒரு காலத் தூக்கி விட்டுடவா? வேணும்னா திரும்பப் பத்த வெச்சுக்கலாம்."

"தூக்கிடுங்கண்ணே."

இரண்டு விநாடி வேலை. அங்கேயே வால்யூமை இரண்டில் வைத்து வாசித்தேன். ஊசி போயிருந்தது. ஒவ்வொரு சுரமும் உருண்டையாக, கைக்கு அடக்கமாக வந்தது. ஆறு வருடம் இதற்காகவா தவித்தேன் என்று தொண்டை அடைத்தது. வீட்டில் ஒரு வாரம் சொர்க்கம்.

அடுத்த வாரம் டிரம்ஸோடு பயிற்சி. வால்யூம் நான்கு. முதல் பாட்டிலேயே ஏதோ குறைந்தது. சிம்பல் விழும் இடத்திலெல்லாம் என் கிட்டார் காணாமல் போனது. மேல் கம்பியில் அந்த 'கிண்' இல்லை, 'டொண்' தான் இருந்தது. ட்ரெபிளை ஏற்றினேன், கரகரப்புதான் ஏறியது. வீட்டுக்கு வந்து பழைய ஒலிப்பதிவையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். நான் எதைக் கேட்டு மயங்கி இந்த ஆம்பை வாங்கினேனோ, அந்த வெண்கலக் கிண்ணத்து ஒலியைக் கொடுத்ததே அந்தத் தகடுதான். வாங்கும் அன்று வால்யூம் மூன்றரையில் இருந்தது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. மூன்றுக்குக் கீழே அது குத்தும், ஐந்துக்கு மேலே ஒலி உடையும். மூன்றுக்கும் நான்கரைக்கும் நடுவே, குமிழை ஒரு விரல் அசைக்கும் தூரத்துக்குள், இதைவிட அழகான க்ளீன் ஒலியை நான் வாசித்த எந்த ஆம்பிலும் கேட்டதில்லை.

மறுபடியும் அண்ணனிடம் போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்பலகையில் சும்மா இருந்த ஒரு துளையில் சின்ன சுவிட்சைப் பொருத்தி, தகட்டின் காலை அதன் வழியாக இணைத்துக் கொடுத்தார். வீட்டில் மேலே, மேடையில் கீழே. ஆறு வருடச் சண்டை ஒரு சுவிட்சில் முடிந்தது. செய்தவர்களே முதல் நாளில் செய்திருக்க வேண்டியது. அதை நினைத்தால் மட்டும் இன்னும் ஆறவில்லை.

இப்போது நண்பனுக்கு. உன் கிட்டாரில் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர். இயல்பிலேயே மேல் ஒலி கொஞ்சம் மங்கியது. என்னைக் குத்திய அதே 47 பிகோஃபாரட் உன் கிட்டாருக்குக் கண் திறந்து விட்ட மாதிரி இருக்கும். குறைந்த வால்யூமிலும் உனக்குப் பளிச்சென்று வரலாம். நீ கேட்ட ஒலி இதில் இருக்கிறது, தூக்கவும் முடியும், ஆறு வருடத்தில் இரண்டே பழுது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வாங்கு என்றுதான் வருகிறது.

ஆனாலும் வாங்கு என்று என் வாயில் வரவில்லை. சுவிட்ச் உள்ள ஒன்றைப் பார். இதே சர்க்யூட்டை சுவிட்சோடு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். என்னுடையதை விற்பாயா என்று மட்டும் கேட்காதே, விற்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிட்டாரை எடுத்துக்கொண்டு வா. ஆம்பை நாற்காலி மேல் வைக்கிறேன். நீ அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து, வால்யூம் இரண்டில் ஆரம்பித்து ஐந்துவரை ஏற்றிக்கொண்டே வாசி. நான் பின்னால் நின்று சொல்லாமல் சுவிட்சைப் போட்டு எடுத்துக்கொண்டிருப்பேன். எந்த இடத்தில் உன் கை தானாக நிற்கிறது என்று பார்ப்போம்.