ஏற்காடு பங்களாவிலிருந்து வந்ததாகச் சொல்லி விற்கப்படும் தீபாவளி மலர்கள்: எச்சரிக்கை

சேலம் வட்டாரத்தில் பழைய காமிக்ஸ் சேர்க்கும் நண்பர்கள் கவனத்துக்கு. எங்கள் குழுவில் ஒருவர் போன மாதம் 7,500 ரூபாய் கொடுத்து 1980களில் வந்த தீபாவளி மலர் ஒன்றை வாங்கினார். அட்டை கலர் பிரிண்ட், உள்ளே 16 பக்கம் ஜெராக்ஸ், மீதி மட்டும்தான் அசல். முன்பணம் 2,000 ஜிபேயில் போனது, பாக்கி ஜங்ஷன் பக்கம் ரொக்கமாகக் கைமாறியது. இப்போது அந்த நம்பர் எடுப்பதில்லை. அதே ஆள் வேறு பெயரில் இரண்டு கோடை மலர்களுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறார், அதனால்தான் இந்தப் பதிவு.

ஆள் சொன்ன கதை: ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது டிரங்குப் பெட்டியில் கிடைத்ததாம், முப்பத்தைந்து வருஷமாகப் பிரிக்கவே இல்லையாம். புத்தகத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு டேப் ஒட்டியிருந்தார். "பிரிச்சா கண்டிஷன் போயிடும் சார், வீட்ல போய்ப் பாத்துக்கங்க" என்றாராம். இந்த வார்த்தையைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுங்கள். உள்ளே பார்க்க விடாத பழைய புத்தகத்துக்கு விலையே கிடையாது.

கதையும் பொருந்தவில்லை. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், வருஷத்தில் பல மாதம் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வரும். அங்கே முப்பது வருஷம் இருந்த நியூஸ்பிரிண்டில் பழுப்புப் புள்ளிகள் இருக்கும், ஓரத்தில் பூஞ்சைக் கறை இருக்கும், ராமபாணப் பூச்சி அட்டையைச் சுரண்டியிருக்கும். முக்கியமாகத் தாள்களைச் சேர்த்துப் பிடிக்கும் கம்பிப் பின் துருப்பிடித்திருக்கும். கீழே சேலத்தில் இருந்த புத்தகம் வேறு மாதிரி: வெயிலில் காய்ந்து மொறுமொறுவென்று ஓரம் உதிரும், புள்ளி குறைவாக இருக்கும். மலையில் இருந்ததாகச் சொல்லும் புத்தகத்தில் பளபளக்கும் பின் இருந்தால் அது பிறகு அடித்த பின்.

இந்த மலரில் அதுதான் நடந்திருக்கிறது. 176 பக்கம், பக்கவாட்டில் இரண்டு பின் அடித்து, மேலே அட்டை ஒட்டிய புத்தகம். விரித்துப் பார்த்தால் ஒவ்வொரு பின்னுக்கும் 2 மில்லிமீட்டர் தள்ளிப் பழைய ஓட்டை, அதைச் சுற்றித் துருக்கறை. அதாவது பழைய பின்னைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள். ஆனால் 145 முதல் 160 வரையுள்ள பக்கங்களில் புதுப் பின் ஓட்டை மட்டும்தான், பழைய ஓட்டையும் இல்லை, கறையும் இல்லை. 16 பக்க ஃபாரமாக (ஒரே பெரிய தாளில் அச்சடித்து மடித்த பகுதி) அச்சடித்த புத்தகத்தில் 145–160 என்பது சரியாகப் பத்தாவது ஃபாரம். அந்த ஃபாரம் தொலைந்துபோன பிரதியை வாங்கி, பழுப்புத் தாளில் ஜெராக்ஸ் எடுத்து, இடையில் செருகியிருக்கிறார்கள்.

அட்டையில் இன்னும் நுணுக்கமான வேலை. மூலையில் குறுக்காக ஒரு மடிப்புக்கோடு, மேலே பால்பாயிண்ட் பேனாவில் யாரோ சிறுவன் எழுதிய பெயர். பார்த்ததும் பழசு என்று மனசு நம்பிவிடும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் மடிப்பு தட்டுப்படவே இல்லை. பேனா அழுத்திய தடம் அட்டையின் உள்பக்கம் தெரியவில்லை. நிஜ அட்டை ஒன்றை ஸ்கேன் செய்தபோது மடிப்பும் பெயரும் சேர்ந்தே அச்சாகிவிட்டன. அந்தப் பெயரை எழுதிய பையனின் அசல் பிரதி எங்கேயோ பத்திரமாக இருக்க வேண்டும் என்று மட்டும் ஆசைப்படுகிறோம். முதுகுப் பக்கம் மடிகிற இடத்தில் டோனர் தூள் வெடித்து வெள்ளைக் கோடு விழுந்திருந்தது, இது லேசர் பிரிண்டின் இயல்பு. டோனர் தாளின் மேல் ஒட்டி நிற்கும், அச்சகத்தின் ஆஃப்செட் மை தாளுக்குள் இறங்கியிருக்கும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைப்பது போதும். ஆஃப்செட் அட்டையில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒழுங்கான பூ வடிவத்தில் தெரியும். லேசரில் எழுத்தின் ஓரத்தைச் சுற்றித் தூள் சிதறியிருக்கும். இங்க்ஜெட்டில் புள்ளிகளுக்கு ஒழுங்கே இருக்காது. கூடவே சின்ன யூவி டார்ச். அந்தக் கால நியூஸ்பிரிண்ட் மங்கலாகவே இருக்கும், இன்றைய வெள்ளை ஜெராக்ஸ் தாள் நீலமாக ஒளிரும். டீத்தண்ணியில் நனைத்துப் பழசாக்கிய தாளை நிறத்திலேயே பிடிக்கலாம். இயல்பான பழுப்பு ஓரத்தில் அடர்ந்து உள்ளே போகப்போக வெளுக்கும், நனைத்தது முழுக்க ஒரே சீராக இருக்கும்.

மெல்லிய இதழ்கள் நடுவில் பின் அடித்தவை. அவற்றில் ஒரு தாளுக்கு நான்கு பக்கம். 64 பக்க இதழில் ஒரே தாளின் இரு பாதிகளில் எதிரெதிராக வரும் எண்களைக் கூட்டினால் எப்போதும் 65 வரும்: 1க்கு 64, 9க்கு 56, நடுவில் 32க்கு 33. ஆகவே 9, 10 இல்லையென்றால் 55, 56ம் போயிருக்கும், அல்லது பிடிமானமின்றித் தொங்கும். நடுத்தாள் பின்னிலிருந்து சுலபமாகக் கழன்றுவிடும் என்பதால் முதலில் அங்கே பாருங்கள். பல இதழ்களைச் சேர்த்து வீட்டில் பைண்டிங் செய்து, பிறகு பிரித்து விற்பதும் உண்டு. முதுகை ஒட்டி வரிசையாக நூல் ஓட்டை இருக்கும், மூன்று ஓரமும் வெட்டுப்பட்டு அளவு குறைந்திருக்கும். அதே வரிசையின் இன்னொரு இதழோடு வைத்து ஸ்கேலால் அளந்தால் தெரிந்துவிடும். போட்டிக் கூப்பன் வெட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், கூப்பனுக்குப் பின்னால் கதைப் பக்கம் இருந்தால் ஒரு கட்டமே போயிருக்கும்.

மறுபதிப்பை முதல் பதிப்பாக விற்பது இன்னொரு வகை. மறுபதிப்பு தப்பே இல்லை, முத்து காமிக்ஸின் பழைய கதைகளைப் பதிப்பகமே மறுபடி கொண்டுவந்திருக்கிறது, படிக்க அதுதான் வசதி. விலைதான் வேறு. ₹ குறி இருந்தால் 2010 ஜூலைக்குப் பிந்தையது. ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. அதற்கு முந்தையது என்று சொல்லும் இதழின் முகவரியில் பின்கோடு இருந்தால் கேள்வி கேளுங்கள். எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978இல் வந்தது. 1970களின் தொடக்கத்து இதழ் என்று சொல்வதில் 'லை', 'னை' எல்லாம் இன்றைய வடிவில், கம்ப்யூட்டர் எழுத்தில் இருந்தால் அது பின்னால் அடித்தது.

தூரத்திலிருந்து வாங்குவதானால் இந்தப் படங்களைக் கேளுங்கள்: அட்டையைச் சாய்வான வெளிச்சத்தில் ஒன்று, முதுகு, இரண்டு பின்னும் நெருக்கத்தில், விலையும் முகவரியும் உள்ள பக்கம், கடைசிப் பக்கம், பக்கம் புரட்டுகிற வீடியோ. எல்லாவற்றிலும் உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய சீட்டு பக்கத்தில் இருக்க வேண்டும். நெட்டில் எடுத்த படத்தை அனுப்புகிறவரால் இதைச் செய்ய முடியாது. வி.பி.பி.யிலும் (தபால்காரரிடம் பணம் கட்டிப் பார்சல் வாங்கும் முறை) பணம் கட்டிய பிறகுதான் பார்சலைப் பிரிக்கலாம், அதை நம்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்து பரிவர்த்தனை எண்ணைக் கொடுங்கள். நண்பர் ஒன்பது நாள் தயங்கிவிட்டார், அதற்குள் பணம் கணக்கை விட்டுப் போயிருந்தது. ரொக்கமாகக் கொடுத்த 5,500க்கு ரசீதும் இல்லை.

அந்த மலரின் பின் அட்டை உள்பக்கத்தில் நண்பர் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்: "அட்டை நகல். பக்கம் 145–160 ஜெராக்ஸ். பின் மாற்றப்பட்டது." அதே கையெழுத்தோடு உங்களிடம் வந்தால் அடையாளம் தெரியும்.