மூன்று வாரத்தில் யாக்ட்ஷைன்: ஜெர்மனியின் வேட்டைப் பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் கட்டலாமா?

ஜெர்மனியில் வேட்டைக்குப் போக யாக்ட்ஷைன் என்ற உரிமம் வேண்டும். அதை வாங்க யேகர்ப்ரூஃபுங் தேர்வில் தேற வேண்டும். பாதி கேலியாகவும் பாதி மரியாதையாகவும் 'பச்சை ஆபிட்டூர்' (ஆபிட்டூர் என்பது அங்கே பள்ளியிறுதித் தேர்வு) என்று அந்நாட்டார் சொல்வது இந்தத் தேர்வைத்தான். தயாராக இரண்டு வழி. மாவட்ட வேட்டைக்காரர் சங்கங்கள் மாலையிலும் சனிக்கிழமையிலுமாக மாதக்கணக்கில் நடத்தும் வகுப்பு ஒன்று. தனியார் வேட்டைப் பள்ளிகள் இரண்டு மூன்று வாரத்தில் காலை முதல் இரவு வரை நடத்தும் காம்பாக்ட் வகுப்பு இன்னொன்று. இந்த விமர்சனம் பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது. விளம்பரம் அதற்குத்தான் அதிகம், கேள்விகளும் அதைப் பற்றித்தான் வருகின்றன.

தேர்வில் தேற காம்பாக்ட் வகுப்பு போதும், ஆனால் ஒரு நிபந்தனை. தேர்வுக்கான கேள்வித் தொகுப்பை வகுப்புக்குப் போகும் முன்பே மூன்று நான்கு மாதம் செல்போன் செயலியில் படித்து முடித்திருக்க வேண்டும். அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று வெறும் தலையோடு போகிறவருக்கு மூன்று வாரம் போதவே போதாது. இரவில் கேள்வித்தாளோடு மல்லுக்கட்டிவிட்டுக் காலையில் தூக்கக் கண்ணோடு சுடுதளத்தில் நிற்பார். அங்கேதான் சறுக்கும்.

ஏனென்றால் இந்தத் தேர்வு கையைத்தான் அதிகம் சோதிக்கிறது. கூட்டாட்சி வேட்டைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி தேர்வில் எழுத்துப் பகுதி, வாய்மொழி-செய்முறைப் பகுதி, சுடும் பகுதி எல்லாம் உண்டு. சுடும் பகுதியில் தவறினால் மற்றவற்றில் எடுத்த மதிப்பெண்ணால் அதை ஈடுகட்ட முடியாது. விதிமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனாலும் 100 மீட்டரில் ரே மான் (ஐரோப்பாவின் சிறிய மான் வகை) படம், 50 மீட்டரில் ஓடும் காட்டுப்பன்றி இலக்கு, ஷாட்கன்னுக்குக் களிமண் தட்டு என்பவை திரும்பத் திரும்ப வரும் வகைகள். ஆகவே பள்ளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: கட்டணத்தில் எத்தனை தோட்டா அடக்கம், எத்தனை அரைநாள் சுடுதளம்? "தேவையான அளவு" என்று பதில் வந்தால் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள்.

100 மீட்டர் பலருக்கும் வந்துவிடும், துப்பாக்கியைக் கம்பத்தில் அண்டக் கொடுத்துச் சுடுவதுதானே. ஆட்டம் காட்டுவது பறந்து போகும் களிமண் தட்டு. அதில் வழக்கமான தவறு, விசையை இழுக்கும் கணத்தில் துப்பாக்கியின் வீச்சை நிறுத்திவிடுவது. ரவை, அதாவது ஷாட்கன் தோட்டாவின் சிறு குண்டுகள், தட்டுக்குப் பின்னால் போகும். அடுத்த தவறு, தட்டு உடைகிறதா என்று பார்க்கக் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து தூக்குவது. இப்போது ரவை மேலே போகும். இவை இரண்டும் பயிற்றுநர் தோளருகே நின்று பார்த்தால் ஒரு மணி நேரத்தில் திருந்தக்கூடியவை. மூன்றாவது அப்படியல்ல. வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆளும் கண்ணாக (குறிபார்க்கும்போது மூளை நம்பும் கண்ணாக) இருந்தால், எத்தனை பெட்டி தோட்டா சுட்டாலும் தட்டு உடையாது. ஒரு விரலை நீட்டித் தூரத்துப் பொருளோடு பொருத்தி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம். முதல் நாளே இதைச் சோதிக்காத பள்ளி, மற்ற எதைச் சரியாகச் செய்யும் என்று நம்புவது கடினம்.

சுடுவதைவிடவும் அதிகம் பேரைக் கவிழ்க்கக்கூடியது துப்பாக்கியைக் கையாளும் பகுதி. மேசையில் போல்ட் ரைபிள், மேல்கீழ்க் குழல் ஷாட்கன், பக்கவாட்டுக் குழல் ஷாட்கன், ட்ரில்லிங், ரிவால்வர், பிஸ்டல் எல்லாம் கிடக்கும். தேர்வாளர் ஒன்றைக் காட்டி எடுக்கச் சொல்வார். குழல்வாய் ஆளில்லாத பக்கம் இருக்க வேண்டும். விரல் விசைக் காவலுக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும். சேஃப்டியைப் பார்த்து, திறந்து, தோட்டா அறையையும் மேகசினையும் கண்ணால் பார்த்து, காலி என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இது வகுப்புத் துப்பாக்கி, எப்போதும் காலிதான்" என்ற நினைப்பு கையில் தெரிந்தாலே போச்சு. குழல்வாய் ஒரு கணம் தேர்வாளரின் வயிற்றைக் கடந்துவிட்டால், பெரும்பாலும் தேர்வு அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

ட்ரில்லிங் என்பது இரண்டு ஷாட்கன் குழலும் அவற்றின் அடியில் ஒரு ரைபிள் குழலுமாக மூன்று குழல் கொண்டது. இதில் எந்த விசை எந்தக் குழலைச் சுடும் என்பது மேலே உள்ள மாற்றுப் பொத்தானைப் பொறுத்தது. பொத்தானை முன்னே தள்ளி ரைபிளுக்கு மாற்றிவிட்டால், முன்விசை ஷாட்கன் குழலுக்குப் பதில் ரைபிள் குழலைச் சுடும். அந்த விசையில் ஷ்டெக்கர் என்ற ஏற்பாடும் இருக்கும். அதை ஏற்றிவிட்டால் இறகு பட்டாலும் வெடிக்கும். சுடாமல் இறக்க வேண்டியிருந்தால் முதலில் சேஃப்டி, பிறகுதான் ஷ்டெக்கர். இந்த வரிசையைக் கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழக ஒரு நாள் வகுப்பு போதாது. தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் வேண்டும். நல்ல பள்ளிகளில் பயிற்சித் துப்பாக்கிகள் மாலையிலும் மேசையில் கிடக்கும், யாராவது ஒரு பயிற்றுநர் கூடவே இருப்பார். மோசமான பள்ளியில் இருபது பேருக்கு ஒரு ட்ரில்லிங், கடைசி வாரம்தான் அலமாரியிலிருந்து வெளியே வரும்.

தோட்டா விஷயத்தில் தேர்வாளர்கள் விரும்பிக் கேட்பது ஒன்று உண்டு. 12-ஐவிடச் சிறியதான 20 காலிபர் ஷாட்கன் தோட்டா தவறிப்போய் 12 காலிபர் குழலில் விழுந்தால் என்ன ஆகும்? அறையைத் தாண்டி வழுக்கிப்போய்க் குழலுக்குள் சிக்கும். திறந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 காலிபர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், பிடித்திருக்கும் இடக்கை போகும். 20 காலிபர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். 8×57 ஐ, 8×57 ஐ.எஸ். என்ற இரண்டு ரைபிள் தோட்டாக்களும் ஒன்றல்ல என்பதும் இதே வகை. பின்னதன் குண்டு பருமன் அதிகம், பழைய ஐ குழலில் அதைப் போடக் கூடாது. குழலில் பொறித்த எழுத்தையும் தோட்டாவின் அடியில் உள்ள எழுத்தையும் மாணவரையே படித்துப் பொருத்தச் சொல்லும் பள்ளிதான் சரியாகக் கற்றுக்கொடுக்கிறது. ஸ்லைடில் காட்டினால் கையில் நிற்காது.

எழுத்துப் பாடங்களில் பள்ளிகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. சட்டத்தில் சில எண்கள் தூக்கத்திலும் வர வேண்டும். ரே மானைச் சுடும் குண்டுக்கு 100 மீட்டரில் குறைந்தது 1000 ஜூல் ஆற்றல். செம்மான், காட்டுப்பன்றி போன்ற மற்றக் குளம்பு விலங்குகளுக்குக் குறைந்தது 6.5 மி.மீ. காலிபரும் 2000 ஜூலும். குளம்பு விலங்கின் மேல் சிதறு ரவை கூடவே கூடாது. ரவையின் ஆபத்து எல்லைக்கு ஒரு கணக்கு உண்டு: மில்லிமீட்டரை நூறால் பெருக்கினால் மீட்டர். 3 மி.மீ. ரவை என்றால் 300 மீட்டர். ரைபிள் குண்டு ஐந்து கிலோமீட்டர் வரை போகக்கூடும் என்பதால், பின்னால் மண் இல்லாமல் சுடக் கூடாது. சோளக்கொல்லையும் புதரும் மண் ஆகாது. குட்டிகளை வளர்க்கும் தாயைக் குட்டிகள் தன்காலில் நிற்கும் வரை சுடுவது குற்றம், பிரிவு 22. தனியாக மேயும் பெண் பன்றியின் குட்டிகள் புல்லுக்குள் மறைந்திருக்கலாம் என்று அதோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று கவனியுங்கள்.

தமிழர்களுக்கு இங்கே தனியாக ஒரு சிரமம், வேட்டைக்காரர் பேச்சு. தேர்வு ஜெர்மனில், அதிலும் அன்றாட ஜெர்மனில் அல்ல. இரத்தத்துக்கு 'ஷ்வைஸ்', அதாவது வியர்வை. ரே மானின் காது 'லாவ்ஷர்', முயலின் காது 'லெஃபல்', பன்றியின் காது 'டெல்லர்'. நரி வால் 'லுன்ட', பன்றி வால் 'ப்யூர்ட்செல்', முயல் வால் 'ப்ளூம', அதாவது பூ. யானைக்குக் களிறு பிடி என்றும் மானுக்குக் கலை பிணை என்றும் பிரித்துச் சொன்ன மொழிக்காரருக்கு இது அந்நியமாகத் தோன்றாது, ஆனாலும் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். நீண்ட கால வகுப்பின் பெரிய சாதகமே இதுதான். எட்டு மாதம் அந்த மனிதர்களோடு பழகினால் சொற்கள் காதில் விழுந்தே வந்துவிடும். பி2 அளவு (சரளமாகப் பேசும் இடைநிலை) ஜெர்மன் கைவசம் இல்லாதவர் காம்பாக்ட் வகுப்பில் சேர்வதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

விலங்கின் வயது பார்ப்பதும் இப்படித்தான், கையில் தாடையைப் பிடித்துப் பார்க்காமல் விளங்காது. ரே மான் குட்டியின் கீழ்த்தாடையில் மூன்றாம் முன்கடைவாய்ப்பல் மூன்று பகுதியாக இருக்கும். சுமார் 13, 14 மாதத்தில் அது விழுந்து இரண்டு பகுதிப் பல் முளைக்கும். படத்தில் இது வெறும் கோடு. பெட்டி நிறையத் தாடைகளைக் கொட்டிப் பிரிக்கச் சொல்லும் வகுப்பில் ஒரு மணி நேரத்தில் கண் பழகிவிடும்.

அடுத்தது இறைச்சி. குறைந்தது ஒரு விலங்கையாவது மாணவர் தன் கையால் திறந்து குடல் எடுத்திருக்க வேண்டும். பார்த்தது கணக்கில் சேராது. மான் இனத்துக்குப் பித்தப்பை கிடையாது, காட்டுப்பன்றிக்கு உண்டு. பன்றி ஈரலிலிருந்து அதைக் கிழியாமல் எடுக்காவிட்டால் இறைச்சி கசக்கும். ஈரல், மண்ணீரல், நுரையீரல், நிணநீர்க் கணுக்கள் ஒவ்வொன்றிலும் இயல்பு எது, சந்தேகம் எது என்று பார்க்கத் தெரிய வேண்டும். பெரிய விலங்கின் இறைச்சி 7 டிகிரிக்குக் கீழே குளிர வேண்டும். காட்டுப்பன்றியில் உதரவிதானத் தூணிலிருந்தும் முன்னங்காலிலிருந்தும் மாதிரி எடுத்து டிரிக்கினெல்லா என்ற ஒட்டுண்ணிப் புழுவுக்கான சோதனைக்கு அனுப்பி, முடிவு வரும் முன் இறைச்சியை யாருக்கும் கொடுக்கக் கூடாது. கோடையில் நடக்கும் சில காம்பாக்ட் வகுப்புகளில் அறுக்க விலங்கே கிடைக்காமல் வீடியோ போட்டு முடித்துவிடுகிறார்கள். சேரும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காம்பாக்ட் வகுப்பு உண்மையில் கோட்டை விடுவது குண்டு பட்ட இடத்தைப் படிப்பதில். சுட்டதும் விலங்கு ஓடிவிட்டது என்று வையுங்கள். புல்லில் நுரையோடு வெளிர் சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல், பெரும்பாலும் அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சையாக இரைப்பைத் துணுக்கு கலந்திருந்தால் வயிறு. அப்போது உடனே பின்தொடரவே கூடாது, பல மணி நேரம் விட்டுவிட்டு நாயோடுதான் போக வேண்டும். எலும்புச் சில்லு கிடந்தால் காலில் பட்டிருக்கிறது, கிடைப்பது கடினம். தேர்வில் இது ஒன்றிரண்டு கேள்வியோடு முடிந்துவிடும் என்பதால் பள்ளியும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. காட்டில் முதல் மாதமே தேவைப்படுவது இதுதான். நாய்கள் பாடமும் இப்படியே அவசரத்தில் போகிறது. கொம்பு ஊதும் சமிக்ஞைகளைப் பற்றிக் குறையில்லை, ஒலிப்பதிவைக் கேட்டே பழகலாம்.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. துப்பாக்கிச் சட்டப்படி 'நம்பகத்தன்மை' சோதனை நடக்கும். பழைய தண்டனை ஏதாவது இருந்தால், தேர்வில் தேறிய பிறகும் யாக்ட்ஷைன் மறுக்கப்படலாம், பள்ளிக் கட்டணம் திரும்பி வராது. சந்தேகம் இருந்தால் மாவட்ட வேட்டை அலுவலகத்தில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கட்டணத்தில் தோட்டா, துப்பாக்கி வாடகை, சுடுதளக் கட்டணம், தேர்வுக் கட்டணம், தங்குமிடம் எவை அடக்கம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சுடுவதில் மட்டும் தவறினால் மறுதேர்வுக்கு முன் பயிற்சி இலவசமா என்பதையும் அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். தயங்காமல் எழுதிக் கொடுக்கும் பள்ளிகள் இருக்கின்றன.

தேறிய பிறகான செலவை விளம்பரம் சொல்வதில்லை. உரிமத்துக்கு முன் பொறுப்புக் காப்பீடு வேண்டும், ஆள் காயத்துக்குக் குறைந்தது 5 லட்சம் யூரோ, பொருள் சேதத்துக்கு 50,000 யூரோ. துப்பாக்கி வாங்கினால் குறைந்தது 0 பாதுகாப்புத் தரப் பெட்டகம், 2017 ஜூலைக்குப் பிறகு புதிதாக வாங்குகிறவர்களுக்கு அதற்குக் கீழே ஏற்பில்லை. சாவியை மேசை இழுப்பறையில் வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். சாவியும் அதே தரப் பெட்டகத்தில் இருக்க வேண்டும் என்று மியூன்ஸ்டர் உயர் நிர்வாக நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது. எண் பூட்டுப் பெட்டகம் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. ஈரநிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் 2023 பிப்ரவரி 15 முதல் ஈய ரவை தடை, ஆகவே பழைய ஷாட்கன் மலிவாகக் கிடைக்கிறது என்று பாய்ந்து வாங்கினால் அதில் இரும்பு ரவை சுட முடியாமல் போகலாம்.

சொந்தமாக வேட்டைப் பகுதியைக் குத்தகைக்கு எடுக்க மூன்று ஆண்டு உரிமம் வைத்திருந்திருக்க வேண்டும். அதுவரை யாராவது ஒரு குத்தகைக்காரர் தன் பகுதிக்குள் விட வேண்டும். சங்க வகுப்பில் பாடம் எடுப்பவர்களே அந்தக் குத்தகைக்காரர்கள். வகுப்பு முடியும்போது பரண் கட்டவும் வேலி அடைக்கவும் கூட வந்தவர்களை அவர்களுக்குப் பெயர் சொல்லித் தெரிந்திருக்கும். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி நடந்த காம்பாக்ட் வகுப்பில் தேறியவர், ஊர் திரும்பி ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டியிருக்கும். நேரம் இருக்கிறவருக்கு எங்கள் ஓட்டு சங்க வகுப்புக்கே. நேரமில்லாமல் காம்பாக்ட் போகிறவர், தேர்வுக்கு முந்தைய குளிர்காலத்திலேயே உள்ளூரில் நடக்கும் துரத்து வேட்டைகளில் விலங்குகளைக் கிளப்பிவிடும் ஆளாகப் போய் முகம் காட்டிவைப்பது நல்லது. அதற்கு உரிமம் தேவையில்லை, ஆரஞ்சு உடுப்பும் நல்ல பூட்ஸும் போதும்.